சர்க்கரை மணலாகிவிட்டதா? பதறாதீர்கள்

அடுத்த கேள்வி. போன வீடியோவில் காட்டிய ஸ்பெயின் நாட்டுப் பாதாம் இனிப்பை, அதாவது அல்மெந்த்ராஸ் கர்ரபின்யாதாஸை, வீட்டில் செய்து பார்த்த ஒரு சகோதரி கேட்டிருக்கிறார்: "பாகு நன்றாகக் கொதித்தது. திடீரென்று சர்க்கரை வெள்ளை மணல் மாதிரி ஆகிவிட்டது. பயந்துபோய் அடுப்பை அணைத்துவிட்டேன். எலுமிச்சைச் சாறு விட்டிருக்க வேண்டுமோ? ஸ்பெயினிலிருந்து வரும் வழவழப்பான வெள்ளைப் பாதாமும் இதுதானா?"

நீங்கள் சரியாகத்தான் செய்திருக்கிறீர்கள். முக்கால் வேலை முடிந்த நேரத்தில் நிறுத்திவிட்டீர்கள், அவ்வளவுதான். குலாப் ஜாமூன் பாகு பூத்துப்போனால், அதாவது சர்க்கரை மறுபடி மணல்மணலாகப் பிரிந்துவிட்டால், நமக்குக் கவலை வரும். இதில் பூத்தே ஆக வேண்டும். அதனால் எலுமிச்சைச் சாறு வேண்டவே வேண்டாம். அந்தப் புளிப்பு சர்க்கரையைப் பூக்க விடாது.

பாதாம், சர்க்கரை, தண்ணீர் மூன்றும் ஒரே கிண்ணத்தால் ஒவ்வொரு அளவு. பாதாம் பச்சையாக, தோலோடு இருக்கட்டும். பாகிலேயே அது வறுபட்டுவிடும். சுருக்கம் விழுந்த அந்தத் தோல்தான் சர்க்கரையைப் பிடித்துக்கொள்ளும். தண்ணீர் வற்றியதும் பாகு கெட்டியாகி, கரண்டி கனத்து, ஒரு நிமிடத்துக்குள் எல்லாம் உதிரியாகிவிடும். நீங்கள் பார்த்தது இதைத்தான். இங்கே தீயைக் குறைத்துவிட்டுக் கிளறிக்கொண்டே இருங்கள். அடியில் கிடக்கும் சர்க்கரை முதலில் உருகிப் பழுப்பாகும். அதைப் பாதாமின் மேல் புரட்டிப் புரட்டி ஏற்ற வேண்டும். பாதி உருகிப் பளபளக்க, மீதி சொரசொரப்பாக ஒட்டியிருக்கும்போது இறக்கிவிடுங்கள். முழுக்க உருக விட்டால் அந்தக் கரடுமுரடு போய்விடும். எனக்கு இந்த இனிப்பில் பிடித்ததே அதுதான். எண்ணெய் தடவிய தட்டில் கொட்டி, இரண்டு முள்கரண்டியால் உடனே பிரித்துவிடுங்கள். கை வைத்தால் கொப்புளம்தான்.

அணைத்து வைத்த பாதாமைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அதையே மறுபடி சிறு தீயில் வைத்துக் கிளறினால் போதும். ஆறியதும் காற்றுப் புகாத டப்பாவில் போடுங்கள், ஈரக்காற்று பட்டால் பிசுபிசுத்துவிடும்.

மாட்ரிட் பக்கத்தில் அல்காலா தே எனாரெஸ் என்று ஓர் ஊர், எழுத்தாளர் செர்வாந்தெஸ் பிறந்த ஊர். அங்கே சான் தியேகோ மடத்தின் கிளாரா சபைக் கன்னியாஸ்திரீகள் செய்யும் கர்ரபின்யாதாஸுக்கு நல்ல பெயர். மடத்துச் சுவரில் சுழலும் மரப்பெட்டி ஒன்று இருக்கும். பணத்தை வைத்தால் பெட்டி சுழன்று இனிப்புப் பொட்டலம் வரும், கொடுப்பவர் முகம் தெரியாது. மூன்றே பொருளை வைத்து இப்படியொரு பெயர் எடுத்திருக்கிறார்கள் என்பதில் எனக்குப் பெரிய மரியாதை உண்டு.

சரி, அந்த வெள்ளைப் பாதாம் வேறு. அதன் பெயர் பெலதில்யாஸ். வலென்சியா பகுதியில் அல்கோய், காசினோஸ் ஊர்களில் பெயர் பெற்றது. கிறிஸ்துமஸுக்கும் ஞானஸ்நான விருந்துக்கும் வாங்குவார்கள். தோல் உரித்த பாதாமைச் சுழலும் உருளையில் போட்டு, பாகைக் கொஞ்சம் கொஞ்சமாக விட்டு, காயக் காய அடுக்கடுக்காக ஓடு ஏற்றுவார்கள். வீட்டு வாணலியில் அந்த வழவழப்பு வராது, அதைக் கடையிலேயே வாங்கிக்கொள்ளுங்கள்.