கடுவன் பூனை முக்குது, மூத்திரம் வரலை: உடனே என்ன செய்யணும்?

வணக்கம். பூனைத் தடுப்பூசி பத்திப் பேசினதுக்கு அப்புறம் வந்த கேள்விகள்ல ஒண்ணு மனசை விட்டுப் போகவே இல்லை. கடலூர் திருப்பாதிரிப்புலியூர்ல இருந்து ஒரு அம்மா கேட்டிருக்காங்க: "எங்க கடுவனுக்கு மூணு வயசு. நேத்து ராத்திரியில இருந்து மண் தொட்டியில போய்ப் போய் உக்காந்து முக்குது, கத்துது. மலச்சிக்கல்னு விளக்கெண்ணெய் கொடுத்தோம். வலிக்குப் பிள்ளைங்களோட காய்ச்சல் சொட்டு மருந்து கொடுக்கலாமா? திங்கட்கிழமை டாக்டர்கிட்ட போனா போதுமா?"

திங்கட்கிழமை வரைக்கும் காத்திருக்கக் கூடாதும்மா. இப்பவே கிளம்பணும்.

ஆண் பூனை முக்குதுன்னா நம்ம கேட்க வேண்டியது ஒண்ணுதான்: மூத்திரம் வந்துச்சா, வரலையா? மலம் போகலைன்னா ஒரு நாள் பொறுக்கலாம். மூத்திரம் வரலைன்னா பொறுக்க முடியாது. ரெண்டுக்கும் பூனை ஒரே மாதிரிதான் உக்காரும், அதனாலதான் எல்லாரும் மலச்சிக்கல்னு நினைச்சுடறாங்க. ஆண் பூனைக்கு மூத்திரக்குழாய் நுனியில ரொம்பக் குறுகல். மணல் மாதிரி உப்புத் துகளும் சளியும் சேர்ந்து அங்க அடைச்சுக்கும். சில நேரம் கல், சில நேரம் வீக்கமும் தசை இறுக்கமும் மட்டுமே. முழுசா அடைச்சுட்டா ஒரு நாள்லயே ரத்தத்துல கழிவும் பொட்டாசியமும் ஏறும். பொட்டாசியம் ஏறினா இதயத்துடிப்பு குறையும், 2, 3 நாள்ல உயிரே போயிடும். வாந்தி, சோர்வு, உடம்பு சில்லிட்டுப் போறது, இதெல்லாம் கடைசிக் கட்டம். அதுவரைக்கும் காத்திருக்காதீங்க.

எப்படிக் கண்டுபிடிக்கறது? ஆத்து மணல் போட்டிருக்கிற தொட்டியில ஈரம் தெரியாது. பழைய மணலைக் கொட்டிட்டு உலர்ந்த மணலை மெல்லிசாப் பரப்பிவிட்டு, அடுத்த தடவை உக்கார்ந்து எழுந்ததும் பாருங்க. பாத்ரூம் தரையில ரெண்டு சொட்டு, அதுவும் ரத்தம் கலந்து விழுந்திருந்தா, அதை மூத்திரம் போனதாக் கணக்கு வைக்கக் கூடாது. அடிக்கடி அந்த இடத்தையே நக்கிக்கிட்டு இருக்கும். பின்னங்கால்களுக்கு முன்னாடி வயித்து அடியில கையை மெதுவா வெச்சுப் பாருங்க, எலுமிச்சம்பழம் மாதிரி கெட்டியா ஒரு உருண்டை தட்டுப்பட்டா அது நிறைஞ்ச மூத்திரப்பை. தொட்டுப் பாக்கறதோட நிறுத்திக்கணும். அழுத்தினா பை கிழிஞ்சிடலாம். கை வைக்க விடலையா, விட்டுடுங்க, அந்தச் சோதனை இல்லாமலே கிளம்பலாம்.

அந்தச் சொட்டு மருந்து வேண்டவே வேண்டாம். அது பாராசிட்டமால். அதை உடைச்சு வெளியேத்துற சக்தி பூனையோட கல்லீரலுக்குப் போதாது. ரத்தம் பழுப்பாகி ஆக்ஸிஜனைச் சுமக்க முடியாமப் போகும், ஈறு நீலமாவோ பழுப்பாவோ மாறும், முகமும் பாதமும் வீங்கும். பெரியவங்க போடற 500 மில்லிகிராம் மாத்திரை ஒண்ணே பூனையைக் கொன்னுடும். ஏற்கெனவே கொடுத்துட்டீங்கன்னா ஒளிக்காம எத்தனை மணிக்கு, எவ்வளவுன்னு டாக்டர்கிட்ட சொல்லுங்க. மாத்து மருந்து இருக்கு, சீக்கிரம் போட்டாத்தான் பலன். டைக்ளோஃபினாக், ஐபுப்ரோஃபென்னும் வேண்டாம். விளக்கெண்ணெயை வாயில ஊத்தறப்போ நுரையீரலுக்குள்ள போயிடற ஆபத்தும் இருக்கு. அதையும் நிறுத்துங்க.

தூக்கிட்டுப் போக கூண்டு இல்லைன்னா, ரெண்டு பிளாஸ்டிக் காய்கறிக் கூடையை ஒண்ணு மேல ஒண்ணு கவிழ்த்துக் கயிறு போட்டுக் கட்டுங்க, உள்ள ஒரு துண்டு. மடியில வெச்சு வண்டியில போனா வலியில எகிறிக் குதிச்சிடும். மயக்க மருந்து தேவைப்படலாம், அதனால சாப்பாட்டைத் திணிக்காதீங்க. முக்கறதை போன்ல அரை நிமிஷம் வீடியோ எடுத்துக்கோங்க. புதுச்சேரிப் பக்கம்னா குருமாம்பேட்டுல ராஜீவ் காந்தி கால்நடை மருத்துவக் கல்லூரி இருக்கு, அங்க மருத்துவமனையும் உண்டு. எங்க போனாலும் கிளம்பறதுக்கு முன்னாடி போன் போட்டு, "ஆண் பூனை, மூத்திரம் அடைச்சிருக்கு, குழாய் போட முடியுமா?"ன்னு இதே வார்த்தையில கேளுங்க. "பூனைக்கு உடம்பு சரியில்லை"ன்னு சொன்னா சாயங்காலம் வரச் சொல்லிடுவாங்க.

அங்க என்ன நடக்கும்? பொட்டாசியம் பார்ப்பாங்க, இதயத்தைப் பார்ப்பாங்க. தேவைன்னா கால்சியம் குளுக்கோனேட் போடுவாங்க, அது இதயத்துக்குக் காவல், பொட்டாசியத்தைக் குறைக்காது. டிரிப்ஸ் ஏத்தி, மயக்கம் கொடுத்து, மெல்லிய குழாய் விட்டு அடைப்பை நீக்குவாங்க. பெரும்பாலும் குழாய் ஓரிரு நாள் உள்ளேயே இருக்கும். அடைப்பு விட்டதும் மூத்திரம் வெள்ளமாப் போகும், உடம்புல தண்ணி வத்தும், அதனால அளந்து அளந்து டிரிப்ஸ் ஓடணும். அன்னிக்கே வீட்டுக்குக் கூட்டிட்டு வர அவசரப்படாதீங்க. மூத்திரம் பெருகற ஊசி மட்டும் போட்டு அனுப்பினா, "அடைப்பு இன்னும் எடுக்கலையே?"ன்னு தயங்காமக் கேளுங்க. வழி அடைஞ்சிருக்கறப்போ மூத்திரத்தைப் பெருக்கினா வலியும் ஆபத்தும்தான் கூடும்.

வீட்டுக்கு வந்த முதல் வாரத்துலதான் திரும்ப அடைக்கற பயம் அதிகம். அப்பவும் அதே கேள்விதான்: வந்துச்சா, வரலையா? உலர் தீனியை மட்டுமே நம்பாம, உப்பில்லாம வேகவெச்ச மீனை அந்தத் தண்ணியோட கொஞ்சம் சேர்த்துக் கொடுங்க. குழம்பு மீன் கூடாது, வெங்காயமும் பூண்டும் பூனையோட சிவப்பணுவைச் சிதைக்கும். கருவாடும் வேண்டாம். கல் இருந்ததுன்னா என்ன வகைன்னு கேட்டுக்கோங்க. ஸ்ட்ருவைட்ங்கற வகைக் கல்லை, அதுக்குன்னே இருக்கிற மருத்துவத் தீனியாலயே கரைக்க முடியும், ஆக்ஸலேட் வகைக் கல் கரையாது. திரும்பத் திரும்ப அடைச்சா வழியைப் பெரிசாக்கற அறுவை சிகிச்சை இருக்கு.

இந்தக் கேள்வி நோய் வந்த அப்புறம் வந்திருக்கு. பூனை நல்லா இருக்கறப்போ என்ன பார்த்து வைக்கணும்னு யாராவது கேட்க மாட்டாங்களான்னு எனக்கு ஒரு ஆசை. ஒரு நாளைக்கு எத்தனை தடவை ஒண்ணுக்குப் போகுது? சாதாரணமா ரெண்டுல இருந்து நாலு. கட்டியாகற மணல் வாங்கினா கட்டியை எண்ணினாப் போதும். எடை எவ்வளவு? நீங்க பூனையைத் தூக்கிக்கிட்டு ஒரு தடவை, தனியா ஒரு தடவை தராசுல ஏறிக் கழிச்சுக்கோங்க, மாசத்துக்கு ஒருக்க போதும். தூங்கறப்போ ஒரு நிமிஷத்துக்கு எத்தனை மூச்சு? 30க்குக் கீழ இருக்கணும். ஈறு என்ன நிறம்? ராத்திரியிலயும் ஞாயித்துக்கிழமையிலயும் பூனைக்குக் குழாய் போடறவங்க பக்கத்துல யாரு? இந்த வாரமே நாலு இடத்துக்கு போன் பண்ணிக் கேட்டு, அந்த நம்பரை எழுதி பிரிட்ஜ் கதவுல ஒட்டி வைங்க.