நேற்று எங்கே போனது?

வணக்கம் நேயர்களே. திருகோணமலையில் யாரிடம் ‘எப்படிப் பாடு?’ என்று கேட்டாலும் ‘நேரம் காணாது’ என்றுதான் பதில் வரும். ஆசிரியத் தொழிலில் ஓய்வுபெற்று இரண்டு வருடமாகியும் நானும் அதையே சொல்லித் திரிகிறேன்.

டானியல் கானமன் என்ற உளவியலாளரும் கூட்டாளிகளும் 2004இல் ஒரு ஆய்வை வெளியிட்டார்கள். டெக்சாஸில் வேலைக்குப் போகும் 909 பெண்கள், நேற்றைய நாளைப் படக் காட்சிகள் போலப் பிரித்து எழுதி, ஒவ்வொன்றிலும் மனம் எப்படி இருந்தது என்று குறிக்க வேண்டும். ஆட்களோடு கூடிக் கதைத்த நேரம் மேல் வரிசையில் வந்தது. காலையில் வேலைக்குப் போகும் பயணம்தான் கடைசி.

பயணம் என்றதும் எனக்குக் கிண்ணியாப் பாதை, அதாவது ஆட்களை அக்கரை சேர்க்கும் மிதவை, ஞாபகம் வந்துவிட்டது. 2009 ஒக்டோபரில் பாலம் திறக்கும்வரை அக்கரை போக அதில்தான் ஏற வேண்டும். அவசர நோயாளியோடு அங்கே நின்றவர்களிடம் அந்தக் காலத்தைப் புகழ்ந்துவிடாதீர்கள், அடி விழும். ஆனால் பள்ளிக்கூடம் முடிந்து திரும்பும் எங்களுக்கு, பாதைக்கு நின்ற அந்த அரைமணி முழுக்கச் சிரிப்பும் பகிடியும்தான். பாலம் வந்தது, மோட்டார் சைக்கிளில் ஒரு நிமிடம். மிச்சம் பிடித்த அரைமணியை என்ன செய்தேன்? இன்றுவரை தெரியாது.

சரி, போன கிழமை நானும் மனைவியும் அந்த ஆய்வில் போலவே நேற்றைய நாளை ஆளுக்கொரு கொப்பியில் எழுதிப் புள்ளி போட்டுப் பார்த்தோம். எனக்கு எட்டு வரி. ஒரு அலுவலகத்தில் நம்பர் துண்டோடு இருந்த மூன்று மணி நேரத்துக்குப் புள்ளி பூச்சியம். டச்சுக் குடாவில் கடலைச் சுருளோடு இருந்த இருபது நிமிடத்துக்குப் பத்து. பக்கத்தில் ஒரு மான் வந்து சுருளை முகர்ந்ததற்காக இன்னும் ஒன்று சேர்த்தேன்.

மனைவியின் கொப்பியில் இருபத்துமூன்று வரி! ‘தேங்காய் திருவிக்கொண்டே மகளோடு போனில் கதைத்தது’ என்பதற்குத்தான் கூடிய புள்ளி. ‘அவர் திரும்பவும் தேத்தண்ணி கேட்டது’ என்ற வரிக்குப் புள்ளியே இல்லை.

2017இல் இலங்கையில் முதன்முறையாக நேரப் பயன்பாட்டு ஆய்வு நடந்தது. சம்பளமில்லாத வீட்டு வேலையில் பெண்களுக்குப் போகும் நேரம் ஆண்களைவிட மிகக் கூட என்று அதில் வந்ததைப் படித்து, பெரிய மனிதனாகத் தலையாட்டியவன் நான். கொப்பியைப் பார்த்தபோது தலையாட்ட முடியவில்லை.

இப்போது பின்னேரத் தேத்தண்ணி என் பொறுப்பு. சீனி கூடிப்போகிறதாம். நான் அடுப்படியில் நிற்கும்போது அவர் வாசல் கதிரையில் சும்மா இருக்கிறார். அதற்கு எத்தனை புள்ளி என்று நேற்றுக் கேட்டேன்.

‘கணக்குக் கேட்டுக் கெடுக்காதீங்கோ’ என்றார்.