ஏழு வயதுக்கு எவ்வளவு ஐஸ் வேண்டும்?

வணக்கம் நேயர்களே. விடியக்காலையில் பிள்ளையை எழுப்பி, ஐஸ் ஹொக்கிப் பையைக் காரில் ஏற்றிக்கொண்டு ரிங்குக்கு, அதாவது பனித்தளத்துக்கு, ஓடும் அம்மா அப்பாக்கள் இப்போது ரொறன்ரோவில் நம்மவர்களிலும் இருக்கிறார்கள். சிறுபிள்ளைகளுக்கு ஹொக்கி பழக்குகிறவன் என்ற முறையில் இன்றைக்கு உங்களோடுதான் பேச வந்திருக்கிறேன்.

கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று "பாஸ் பண்ணு, பாஸ் பண்ணு" என்று கத்துகிறோம். ஆறு வயதுப் பிள்ளை அப்போதுதான் ஸ்கேற்றில் விழாமல் நிற்கப் பழகுகிறது. அதன் கண் முழுக்கப் பக்கில், அதாவது மட்டையால் அடிக்கிற அந்த றப்பர் வட்டில், இருக்கிறது. கூட்டாளி எங்கே நிற்கிறான், அவனுக்கு என்ன தெரிகிறது என்று அவன் இடத்திலிருந்து யோசிப்பது இன்னும் சில வருடங்களில் மெல்ல மெல்ல வரும். அதனால்தான் எல்லாரும் ஒரே பக்கின் பின்னால் ஓடுகிறார்கள். பொறுங்கள், ஓடட்டும். அந்த வயதுக்கு அதுதான் சரியான ஆட்டம்.

அடுத்தது ஐஸின் அளவு. என்.எச்.எல். என்கிற பெரிய தொழில்முறை லீக்கின் ரிங்க் 200 அடி நீளம், 85 அடி அகலம். வளர்ந்த மனிதருக்கு அளந்தது. அதில் ஆறு வயதுப் பிள்ளையை இறக்குவது, அப்பாவின் சட்டையைப் போட்டுவிட்டு ஏன் தடக்கி விழுகிறாய் என்று கேட்பதற்குச் சமம். கெட்டிக்காரப் பிள்ளை ஒன்று பக்கைக் கொண்டு ஓடும், மற்றப் பிள்ளைகள் பின்னால் போய்க்கொண்டே இருப்பார்கள். ஐந்து, ஆறு வயதினருக்கு முழு ஐஸில் ஆட்டம் வேண்டாம் என்று நாட்டின் ஹொக்கி அமைப்பான ஹொக்கி கனடா 2017இல் நாடு முழுவதற்கும் விதி செய்தது. பிறகு ஏழு, எட்டு வயதுக்கும் அரை ஐஸ் வந்தது. சின்னவர்களுக்குப் பக்கும் வேறு: வழக்கமான கறுப்புப் பக் 6 அவுன்ஸ் வரை இருக்கும், இவர்களுடைய நீலப் பக் 4 அவுன்ஸ். "காசு கட்டுகிறோம், பாதி ரிங்க்தானா?" என்று கேட்கிற பெற்றோர் இன்னும் உண்டு. பாதி ரிங்கில் உங்கள் பிள்ளையின் மட்டையில் பக் எத்தனை தரம் படுகிறது என்று ஒரு நாள் எண்ணிப் பாருங்கள். 2024இல் நம் ரொறன்ரோவின் என்.எச்.எல். அணியான மேப்பிள் லீவ்ஸின் தலைவரான ஓஸ்ரன் மத்தியூஸ், அரிசோனாவில் சிறுவனாகச் சின்ன ஐஸில் விளையாடிப் பழகியவர். திரும்பவும் சொல்கிறேன், சின்ன ஐஸ்.

சரி, எனக்கு மிகப் பிடித்த கதைக்கு வருகிறேன். அல்பேர்ட்டாவில் லெத்பிரிட்ஜ் என்று ஒரு ஊர். எண்பதுகளில் ரொஜர் பார்ன்ஸ்லி என்ற உளவியலாளர் குடும்பத்தோடு அங்கே ஜூனியர் ஹொக்கி பார்க்கப் போயிருந்தார். அவருடைய மனைவி போலா, வீரர்களின் விவரம் போட்ட புத்தகத்தைப் புரட்டிக்கொண்டிருந்தார். பிறந்த திகதிகளைப் பார்த்தால் ஜனவரி, பெப்ரவரி, மார்ச், மறுபடி ஜனவரி. கணவரிடம் காட்டினார். அவர் போய் மற்ற அணிகளின் பட்டியல்களையும், என்.எச்.எல். பட்டியலையும் எடுத்துப் பார்த்தார். அங்கேயும் அப்படித்தான். வருடத்தின் கடைசியில் பிறந்தவர்கள் குறைவு. 1985இல் இதை ஆய்வாக வெளியிட்டார்கள்.

ஏன் அப்படி? கனடாவில் வயதுப் பிரிவை ஜனவரி 1ஐ வைத்துப் பிரிக்கிறார்கள். ஜனவரியில் பிறந்த பிள்ளையும் டிசம்பரில் பிறந்த பிள்ளையும் ஒரே பிரிவு. ஆறு வயதில் பதினொரு மாதம் என்பது வாழ்ந்த காலத்தில் ஆறில் ஒரு பங்கு மாதிரி! பெரிய பிள்ளையைப் பார்த்து "திறமைசாலி" என்று தெரிவு செய்கிறோம். தெரிவானதால் அதற்கு நல்ல பயிற்சி, கூடுதல் ஐஸ் நேரம். இரண்டு மூன்று வருடத்தில் அது உண்மையாகவே திறமைசாலி ஆகிவிடுகிறது. டிசம்பர்ப் பிள்ளை மனம் விட்டு ஹொக்கியையே விட்டுவிடுகிறது. எட்டு வயதில் அணி தெரிவு செய்யும்போது நாம் பார்ப்பதில் பாதி, பிறந்த மாதம்தான் என்பது என் எண்ணம். நவம்பர், டிசம்பர்ப் பிள்ளைகளின் பெற்றோரே, தயவுசெய்து அவசரப்பட்டு நிறுத்திவிடாதீர்கள்.

நேரம் முடிகிறது என்று கை காட்டுகிறார்கள். பன்னிரண்டு, பதினாலு வயதில் உடம்பு சடாரென்று நீளும்போது நேற்று வந்த திருப்பம் இன்றைக்கு வராமல் போகும். அதைப் பற்றி விரிவாகப் பேச நினைத்தேன், இன்னொரு நாள் பார்ப்போம். மோதுவதை, அதாவது பக்கை வைத்திருப்பவரை உடம்பால் இடிப்பதை, பற்றி மட்டும் சொல்லிவிடுகிறேன். பதினொன்று, பன்னிரண்டு வயதில் மோத அனுமதித்த அல்பேர்ட்டாவையும், அனுமதிக்காத கியூபெக்கையும் ஒப்பிட்டு 2010இல் ஓர் ஆய்வு வந்தது. அல்பேர்ட்டாவில் காயப்படும் ஆபத்து மூன்று மடங்குக்கு மேல். 2013இல் ஹொக்கி கனடா அந்த வயதில் மோதலைத் தடை செய்தது. தலையில் அடிபட்டு மூளை அதிர்ந்திருக்கலாம் என்ற சந்தேகம் வந்தாலே பிள்ளையை உடனே வெளியே எடுக்க வேண்டும். ஒன்ராறியோவில் 2018இல் வந்த ரோவன் சட்டமும் அதைத்தான் கேட்கிறது. "கொஞ்சம் இருந்துவிட்டு இறங்கட்டும்" என்று எந்தப் பயிற்றுநராவது சொன்னால், ஸ்கேற்றைக் கழற்றிப் பிள்ளையை வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போங்கள். வணக்கம்.