கறவை நேரத்துக்குப் போய்ப் பாருங்கள்

நேயர்களுக்கு வணக்கம்.

சென்னையில் நாம் பாலை நிறம் சொல்லித்தான் வாங்குகிறோம். நீலம், பச்சை, ஆரஞ்சு. ஆவின் நீல பாக்கெட்டில் கொழுப்பு 3 சதவீதம், பச்சையில் 4.5, ஆரஞ்சில் 6. இந்தக் கொழுப்புக் கணக்கு மாட்டின் மடியிலேயே தொடங்கிவிடுகிறது என்பதை, உத்திரமேரூர் பக்கம் என் சித்தி வீட்டுக் கொட்டகையில்தான் பார்த்துத் தெரிந்துகொண்டேன்.

சித்தியிடம் நாலு கலப்பின ஜெர்சி மாடுகள். வீட்டை ஒட்டி ஒரு கொட்டகை, பின்னால் கொஞ்சம் கோ-4 புல், ஒரு வைக்கோல் போர். அவ்வளவுதான் பண்ணை.

விடியற்காலை நாலரைக்குக் கறவை. முதலில் கன்றை அவிழ்த்துவிடுகிறார். அது ஓடிப்போய் மடியை முட்டி முட்டிக் குடிக்கிறது. அந்த முட்டலில்தான் மாடு சுரப்பு விடும். உடம்பில் ஆக்சிடோசின் என்ற ஹார்மோன் ஊறி, பால் காம்புக்கு இறங்குகிறது. அந்த வேகம் ஐந்தாறு நிமிஷம்தான் நிற்கும். புது ஆள் குரல் கேட்டாலோ நாய் குரைத்தாலோ மாடு மிரண்டு பாலை அடக்கிக்கொள்ளும். அதனால் கறக்கும்போது சித்தி யாரையும் பேச விடுவதில்லை.

கன்றைப் பிடித்துக் கட்டிவிட்டு, மடியைக் கழுவித் துடைத்து, முதல் இரண்டு பீச்சைத் தனிக் கிண்ணத்தில் பீச்சிப் பார்க்கிறார். பால் திரிதிரியாக வந்தால் மடிநோய். சோற்றுக்கற்றாழை, மஞ்சள்தூள், சுண்ணாம்பு மூன்றையும் அரைத்து மடியில் பூசுகிறார்கள். நம் மாதவரத்தில் இருக்கும் கால்நடை மருத்துவப் பல்கலைக்கழகமும் சொல்லித்தரும் வைத்தியம் இது.

முதலில் இறங்கும் பால் தண்ணியாக இருக்கும். கடைசியில் வருவதில்தான் கொழுப்பு அதிகம். சித்தி விரல் வலித்தாலும் விடாமல் ஒட்டக் கறப்பது அதற்காகத்தான். பாலை வாங்கும் கூட்டுறவு சொசைட்டியில் மாதிரி எடுத்து மெஷினில் வைத்தால் கொழுப்பும், கொழுப்பு நீங்கலான மற்ற சத்தும் எண்ணாக வந்துவிடும். அந்த எண்தான் விலை. அரசு 2023 டிசம்பரில் பசும்பால் கொள்முதல் விலையை லிட்டருக்கு 35 ரூபாயிலிருந்து 38 ஆக்கியது. பிண்ணாக்கு, தவிடு, பருத்திக்கொட்டை எல்லாம் அதற்குள்ளேதான்.

ஆனால் கறப்பதைவிட எனக்கு மலைப்பாக இருந்தது சித்தியின் கண். நான் இருந்தபோது ஒருநாள் காலையில் மகனிடம் சொன்னார்: "செவலை நேத்து சாயங்காலம் கத்துச்சு, தீனியப் பாதி வச்சிட்டுது. டாக்டர வரச்சொல்லுடா." மாடு பருவத்துக்கு வந்திருக்கிறது. அந்தப் பருவம் ஒரு நாள்கூட நிற்காது. சாயங்காலம் கண்டால் மறுநாள் காலை சினை ஊசி, காலையில் கண்டால் அன்று சாயங்காலம். தவறவிட்டால் அடுத்த பருவத்துக்கு 21 நாள். அத்தனை நாளும் தீனி போட்டாக வேண்டும். கன்றும் பாலும் அத்தனை நாள் தள்ளிப்போகும். சினை பிடித்தாலும் ஈன்றெடுக்க ஒன்பது மாதத்துக்கு மேல். ஈனுவதற்கு முன் இரண்டு மாதம் கறவையை நிறுத்திவிட வேண்டும். ஒரு மாட்டுக்கு இப்படி என்றால் நாலு மாட்டுக்கும் தனித்தனி நாள்கணக்கு. நோட்டுப் புத்தகம் எதுவும் கிடையாது, எல்லாம் சித்தி மனசில் இருக்கிறது. பாலைப் பற்றிப் பேசும்போது நாம் தீவனத்தையும் விலையையும் பேசுகிறோம். இந்தக் கவனத்துக்கு யாரும் கூலி போடுவதில்லை. அது எனக்கு நிஜமாகவே வருத்தம்.

எங்கள் வீட்டுக் கல்யாணத்துக்குக்கூட சித்தி காலையில் கறந்துவிட்டுத்தான் வந்தார், பந்தியில் கை கழுவியதும் கிளம்பிவிட்டார். வந்ததும் வராததுமாக ஓடுகிறாரே என்று சொந்தத்தில் சிலர் முகம் சுளித்தார்கள். கறவை தள்ளிப்போனால் மடி கட்டிக்கொண்டு மாடு வலியில் தவிக்கும். அடுத்து மடிநோய்தான்.

உங்களுக்கும் ஊரில் மாடு வைத்திருக்கும் அத்தையோ பெரியப்பாவோ இருப்பார்கள். மாட்டுப் பொங்கலன்று கொம்புக்கு வர்ணம் பூசுவதைப் பார்த்திருப்பீர்கள். சாதாரண ஒரு புதன்கிழமை பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு போங்கள். முதல்நாள் ராத்திரியே போய்த் தங்கினால்தான் காலைக் கறவையைப் பார்க்க முடியும். அப்புறம், வேறு கொட்டகைக்குப் போய்வந்த செருப்போடு உள்ளே நுழையாதீர்கள், மாட்டுக்கு மாடு தொற்றும் கோமாரி நோய் செருப்பிலும் ஒட்டிக்கொண்டு வரும். கறந்து முடியும்வரை பிள்ளைகளைப் பேசாமல் நிற்கச் சொல்லுங்கள்.

நன்றி, வணக்கம்.