பெரி ஜூஸ் பாட்டிலைத் திருப்பிப் பாருங்கள்
வணக்கம் மக்களே! இன்றைக்கு நண்டுக் குழம்பு போடுவதாகச் சொல்லியிருந்தேன், அது அடுத்த வாரம். தென்னாப்பிரிக்காவில் நம்ம டர்பன் சாட்ஸ்வொர்த்தில் ஒரு கடையில் பார்த்த ஜூஸைப் பற்றிப் பேசாமல் எனக்கு அடுப்படியில் கை ஓடாது.

ஒரு லிட்டர் 80 ரேண்ட். எண்பது! முன்பக்கம் முழுக்க புளூபெரி, கிரான்பெரி, நடுவில் சிவப்பாக ஒரு இதயம். என் பழக்கம்தான் உங்களுக்குத் தெரியுமே, பின்பக்கம் படிக்காமல் எதையும் கூடையில் போடமாட்டேன். திருப்பினால் முதலில் ஆப்பிள் சாறு, அப்புறம் திராட்சை, கடைசியில்தான் பெரி! 100 மில்லிக்கு 11 கிராம் சர்க்கரை, கோலாவிலும் கிட்டத்தட்ட அவ்வளவுதான். 2018 ஏப்ரலில் நம் நாட்டில் வந்த சர்க்கரை வரியில் முழுப் பழச்சாறுக்கு விலக்கு உண்டு, அதனால் வரி இல்லை என்றால் சர்க்கரை இல்லை என்று அர்த்தமில்லை.

பெரி என்றால் எனக்கு உயிர், கோபமெல்லாம் அந்த பாட்டில் மேல்தான். பழத்துக்குக் கருநீலம் கொடுக்கிற ஆந்தோசயனின், ரத்தக் குழாயின் உள்சுவரில் நைட்ரிக் ஆக்சைடு என்ற வாயு கூடுதலாகச் சுரக்க உதவுகிறது, அதில் குழாய் தளர்ந்து விரிகிறது. 2015இல் வந்த ஒரு அமெரிக்க ஆய்வில் கிரான்பெரி ஜூஸை 240 மில்லி வீதம் தினம் இரண்டு வேளை, 8 வாரம் குடித்தவர்களுக்கு ரத்தத்தில் டிரைகிளிசரைடு என்ற கொழுப்பு குறைந்தது, பிரஷரில் கீழ் அளவும் கொஞ்சம் இறங்கியது. ஆனால் அவர்கள் குடித்தது கலோரி குறைந்த ஜூஸ், அதை மறக்காதீர்கள்! 2013இல் வந்த இன்னொன்றில் 93,600 அமெரிக்க நர்ஸ்களை 18 வருடம் கவனித்தார்கள். வாரம் மூன்று முறைக்கு மேல் புளூபெரி, ஸ்ட்ராபெரி சாப்பிட்டவர்களுக்கு மாரடைப்பு அபாயம் சுமார் மூன்றில் ஒரு பங்கு குறைவாக இருந்தது. அது சாப்பிட்ட பழத்தின் கணக்கு, ஜூஸ் இல்லை.

அதனால் நான் உறைந்த புளூபெரி பாக்கெட் வாங்கினேன், அதே கடையில், 55 ரேண்டுக்கு! ஒரு கைப்பிடி, இரண்டு கரண்டி புளிக்காத தயிர், கொஞ்சம் தண்ணீர், மிக்ஸியில் ஒரே சுற்று. இதோ பாருங்கள், டம்ளர் ஓரத்தில் தோல் துணுக்கு ஒட்டியிருக்கிறதே, ஆந்தோசயனின் நிறைய இருப்பது அதில்தான். வடிகட்டுகிறவர்களைக் கண்டாலே எனக்கு ஆகாது.

அட, மாமா விஷயத்தைச் சொல்லாமல் தாண்டிவிட்டேன். அவர் ரத்தம் உறையாமலிருக்க வார்ஃபரின் சாப்பிடுகிறார். கிரான்பெரி ஜூஸ் அந்த மாத்திரையோடு மோதலாம், ரத்தக்கசிவு வரலாம். உங்கள் வீட்டிலும் யாராவது வார்ஃபரின் எடுத்தால் டாக்டரைக் கேட்காமல் ஒரு டம்ளர்கூடக் கொடுக்காதீர்கள். பிரஷர் மாத்திரையை நிறுத்திவிட்டு ஜூஸ் குடிக்கலாமா என்று கமெண்டில் கேட்ட அக்காவுக்கும் சொல்கிறேன், கூடவே கூடாது.