இரும்புக் கதவின் சத்தம்
(தென்னாப்பிரிக்கா, டர்பன், சாட்ஸ்வொர்த் கோயில் மண்டபத்தில் ஆடிக் கஞ்சி நாளன்று பேசியதன் எழுத்து வடிவம்)

அனைவருக்கும் வணக்கம். வெளியே அண்டாவில் கஞ்சி கொதிக்கிறது. வாசனை மேடை வரை வருகிறது. நீட்டிப் பேசினால் என் கதி என்ன என்று எனக்குத் தெரியும்.

"நம் பிள்ளைகளுக்கு நல்லது சொல்ல ஒரு வானொலி நாடகம் போட்டுக் கொடுங்கள்" என்று குழுவினர் கேட்டார்கள். அதில் 'சொல்ல' என்ற சொல்தான் எனக்கு இடித்தது. பதினேழு வயதுப் பையனுக்கு நல்லது சொல்ல வீட்டில் அம்மா இருக்கிறார், பள்ளியில் ஆசிரியர் இருக்கிறார், கோயிலில் நாம் இருக்கிறோம். வானொலியிலும் அதே குரல் கேட்டால் அவன் அணைத்துவிட்டுப் போய்விடுவான்.

நம் முன்னோருக்கு இது தெரிந்திருந்தது. 1860இல் ட்ரூரோ கப்பலில் ஒப்பந்தக் கூலிகளாக இங்கே வந்து இறங்கியவர்களும் அவர்களுக்குப் பின் வந்தவர்களும் கரும்புத் தோட்டத்துக்குத் தெருக்கூத்தையும் கொண்டுவந்தார்கள். (அதற்கு 'சிக்ஸ் ஃபுட் டான்ஸ்' என்று பெயர் வைத்துவிட்டது நம் ஊர்.) கூத்தில் அறம் பேசுகிறவர் தருமர். ஆனால் தூக்கத்தை விரட்டுகிறவன் கோமாளியான கட்டியங்காரன். ராஜாவையும் கேலி செய்வான், முன்வரிசைப் பெரிய மனிதரையும் விடமாட்டான்.

புத்தி சொல்லாமலே நாடகம் வேலை செய்யும் என்பதற்கு இந்த நாட்டிலேயே ஒரு சான்று உண்டு. 'சோல் சிட்டி' என்ற நாடகத் தொடர் தொலைக்காட்சியில் வந்தது. வானொலியில் ஒன்பது மொழிகளில் ஒலித்தது. 1999இல் வந்த நான்காம் தொகுப்பில், ஊரே மதிக்கும் ஓர் ஆசிரியர் மனைவியை அடிக்கிறார். அக்கம்பக்கத்தார் யாரும் அவருக்குப் புத்தி சொல்லவில்லை. வீட்டு வாசலில் கூடிச் சட்டி பானைகளைத் தட்டினார்கள். பிறகு நிஜத்திலேயே, தெம்பிசா என்ற ஊரில் ஒரு மதுக்கடையில், பெண்ணை அடித்த ஒருவனைப் பார்த்துக் குடித்துக்கொண்டிருந்தவர்களே பாட்டில்களைத் தட்டினார்களாம். 1998இல் நிறைவேறியும் நடைமுறைக்கு வராமல் கிடந்த குடும்ப வன்முறைச் சட்டத்துக்காக, தொடரை எடுத்தவர்கள் பெண்கள் அமைப்புகளோடு சேர்ந்து அரசை நெருக்கினார்கள். 1999 டிசம்பரில் சட்டம் அமலுக்கு வந்தது.

நம் கதைக்கு வருகிறேன். ஆறு பிள்ளைகளை உட்காரவைத்து, சுகர்ஸ் பற்றி ஒரு காட்சி எழுதச் சொன்னேன். அந்த மலிவு ஹெராயின் கலவையை இந்த மண்டபத்தில் யாருக்கும் நான் விளக்க வேண்டியதில்லை. முதலில் எழுதி வந்தது ஒன்றரைப் பக்க அம்மா புலம்பல். படித்து முடிப்பதற்குள் அவர்களே சிரித்துவிட்டார்கள். அப்போது அதுவரை வாய் திறக்காத ஒருவன் சொன்னான்: "அண்ணன் ராத்திரி வரும்போது வீட்டில் யாரும் பேச மாட்டார்கள், ஆன்ட்டி." யார் வீட்டுப் பிள்ளை என்று கேட்காதீர்கள்.

அவன் சொன்னபடியே ஒலிப்பதிவு செய்தோம். சாவி. இரும்புக் கம்பிக் கதவு கிரீச்சிடாமல் இருக்க, அதைச் சற்றுத் தூக்கித் திறக்கும் சத்தம். உள்ளே கட்டில் ஒருமுறை முனகுகிறது. அம்மா விழித்துத்தான் இருக்கிறாள். விடிந்ததும் குழாய்த் தண்ணீர், அலமாரிக் கதவுகள் ஒவ்வொன்றாகத் திறந்து மூடும் சத்தம். தேநீருக்குத் தண்ணீர் சுட வைக்கும் கெட்டிலைக் காணவில்லை. எங்கே என்று யாரும் கேட்கவில்லை. ஆயா, அதாவது பாட்டி, மட்டும் சொல்கிறார்: "விடு, இனிமேல் சட்டியிலேயே சுட வைக்கலாம்." அந்தக் காட்சியில் வசனம் அது ஒன்றுதான்.

போட்டுக் காட்டியபோது ஒரு பெண் கேட்டாள்: "அடுத்து என்ன எடுத்துப்போவான்?" பக்கத்தில் இருந்தவன் "தொலைக்காட்சிப் பெட்டி" என்றான். "இல்லை, ஆயாவின் வளையல்" என்றாள் இன்னொருத்தி. அரை மணி நேரம் வாக்குவாதம். நான் வாயைத் திறக்கவே இல்லை. எனக்கு அது பெரிய சாதனை.

முடிவில் அண்ணன் திருந்திவிட வேண்டும் என்று நம் குழுவில் ஒரு பெரியவர் விரும்புகிறார். பிள்ளைகள் மறுக்கிறார்கள். நான் பிள்ளைகள் பக்கம். நாடகத்தில் ஆயாவைத் தவிர யாரும் தமிழ் பேசவில்லையே என்ற வருத்தமும் காதில் விழுந்தது. நம் வீடுகளில் நிலைமை அப்படித்தானே இருக்கிறது, ஐயா?

எனக்கு வேண்டியது ஒன்றுதான்: சனிக்கிழமை மாலைகளில் இந்த மண்டபத்தின் பின்னறைச் சாவி. ஒலிப்பதிவு செய்யும்போது அங்கே இருக்கும் குளிர்பெட்டியை அணைத்துவைப்போம். அதன் உறுமல் மைக்கில் விழுகிறது. பால் திரிந்தால் நான் வாங்கித் தருகிறேன். வாருங்கள், கஞ்சி ஆறுகிறது.