கிளாஸ் ஏன் மங்கிப் போகிறது? செந்தூல் அக்காவின் கேள்விக்கு விளக்கம்

வணக்கம். கோலாலம்பூர் செந்தூலிலிருந்து ஓர் அக்கா கேட்டிருக்கிறார்: டிஷ்வாஷர் வாங்கி ஒரு வருடம் ஆகிறதாம். கண்ணாடி கிளாஸ் எல்லாம் வெள்ளையாக மங்கிவிட்டது, குழம்பு வைத்த பிளாஸ்டிக் டப்பா மஞ்சளாகவே இருக்கிறது, கதவைத் திறந்தால் ஒரு வாடை. என்ன செய்வது?

அக்கா, கிளாஸிலிருந்து தொடங்குவோம். அதில்தான் பலரும் தவறு செய்கிறார்கள். வெளிநாட்டு வீடியோக்களில் "உப்புத் தண்ணீர்க் கறை, சோப்பைக் கூட்டுங்கள்" என்பார்கள். சென்னை போர் தண்ணீருக்கு அது சரியாக இருக்கலாம். நமக்குக் குழாயில் வருவது பெரும்பாலும் சிலாங்கூர் ஆற்றுத் தண்ணீர். அதில் சுண்ணாம்புச் சத்து குறைவு. இந்த மாதிரித் தண்ணீரில் சோப்பும் சூடும் அதிகமானால் கண்ணாடியின் மேற்பரப்பையே அது அரித்துவிடும்.

எது என்று கண்டுபிடிக்க, மங்கிய கிளாஸ் ஒன்றை வினிகரில் ஐந்து நிமிடம் ஊற வைத்துத் துடைத்துப் பாருங்கள். தெளிந்தால் அது வெறும் படிவு. தெளியவில்லை என்றால் கண்ணாடி அரித்துப் போயிருக்கிறது, அதைத் திரும்பக் கொண்டுவர முடியாது. என் அம்மா கொடுத்த ஆறு கிளாஸ்கள் இப்படித்தான் போயின. இன்றைக்கும் எனக்கு அந்த வருத்தம் உண்டு. அதனால் மிச்சமிருப்பதைக் காப்பாற்றுங்கள். சோப்பு மாத்திரைக்குப் பதில் பொடி வாங்குங்கள், அப்போதுதான் அளவைக் குறைக்க முடியும். கண்ணாடியைக் குறைந்த சூட்டில் கழுவுங்கள். உங்கள் மெஷினில் உப்பு போடும் பகுதி இருந்தால், தண்ணீரின் கடினத்தன்மை அளவை ஆகக் குறைவாக வையுங்கள். எப்படி என்று கையேட்டில் இருக்கும்.

மஞ்சள் கறை வேறு கதை. மஞ்சளின் நிறம் தண்ணீரைவிட எண்ணெயில்தான் நன்றாகக் கரையும். எண்ணெயோடு சேர்ந்து பிளாஸ்டிக்குக்குள் இறங்கிவிடும். எத்தனை முறை கழுவினாலும் முழுதாகப் போகாது, வெயிலுக்குத்தான் வெளுக்கும். பால்கனியில் இரண்டு மூன்று நாள் காய விடுங்கள். அடுத்த முறை குழம்பு எண்ணெயை டிஷ்யூவால் துடைத்துவிட்டு உள்ளே வையுங்கள். குழாயில் அலசத் தேவையில்லை, வழித்துப் போட்டால் போதும்.

வாடைக்குக் காரணம் பெரும்பாலும் அடியில் இருக்கும் வடிகட்டி. திருகிக் கழற்றிப் பாருங்கள்: கடுகு, கறிவேப்பிலை நரம்பு, செராய் (எலுமிச்சைப்புல்) நார், சந்தான் (தேங்காய்ப்பால்) கொழுப்பு எல்லாம் சேர்ந்து கொழகொழவென்று இருக்கும். நம் சமையலுக்கு வாரம் ஒரு முறை பழைய பல்துலக்கியால் தேய்க்க வேண்டும். தண்ணீர் பீய்ச்சும் கையின் துளைகளைப் பல்குச்சியால் குத்தி எடுங்கள். அப்புறம் மாதம் ஒரு தரம், மெஷினைக் காலியாக வைத்து, கேக் சாமான் கடையில் கிடைக்கும் சிட்ரிக் அமிலம் இரண்டு மேசைக்கரண்டி போட்டு, ஆகச் சூடான ஓட்டத்தில் விடுங்கள். அதோடு பிளீச்சை மட்டும் சேர்க்கவே கூடாது. நச்சு வாயு வரும், இது விளையாட்டில்லை.

இன்னொன்று, அலுமினியச் சட்டியையும் தோசைக்கல்லையும் உள்ளே வைக்காதீர்கள். ஒன்று கறுக்கும், மற்றொன்று துருப்பிடிக்கும்.

முதலில் அந்த வினிகர் சோதனையைச் செய்யுங்கள் அக்கா. தெளியவில்லை என்றால் எந்தப் பொடி, எத்தனை டிகிரி என்று எழுதி அனுப்புங்கள், சேர்ந்து பார்ப்போம்.